சுக்கான் நடுங்குவது ஏன்?

பரியாரியார் ஒருவரிடம் நோயாளி போனால் அவர் முதலிற் செய்வது யாது? கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். அதன் பின்னர் கேள்விகள் பல கேட்கிறார். காய்ச்சல் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா? வயிற்று நோவு உண்டபின் எழுகிறதா, பசித்திருக்கும்போது எழுகிறதா? இவ்வளவும் கேட்டறிந்த பின்னரே மருந்துப் பெட்டி திறக்கப்படுகிறது. கேள்வி எதுவும் கேளாமற் குளிகையை எடுத்து நீட்டும் வைத்தியரிடம் நாம் இரண்டாம் முறை போவதில்லை.

மோட்டார் காருக்கும் ஒரு நாடி உண்டு. ஸ்டியரிங் என்று யாவரும் வழங்கும் சுக்கான் வளையமே அந்த நாடி. வண்டி ஓடும் நேரமெல்லாம் சாரதியின் கைகள் அதன்மீது இருக்கின்றன. சில்லிலோ, ரயரிலோ, பிறேக்கிலோ, எஞ்சினிலோ கோளாறு தோன்றும்போது, பல வேளைகளில் அது நடுக்கமாக மாறி அவ்வளையத்துக்கு வந்து சேர்கிறது. ஆயினும் நாம் செய்வது என்ன? கேள்வி ஒன்றும் கேளாமல் வண்டியைக் கராஜில் விட்டு, "நடுங்குது, பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அதனால் விளையும் வீண் செலவையும், அதைவிடப் பெரிய ஆபத்தையும் ஸ்கந்தபுரத்தில் நாம் கண்ணாற் கண்ட நிகழ்ச்சி ஒன்று நன்கு உணர்த்தியது. குடும்பத்தினரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அதில் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

மாஸ்ரரின் கார்

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன்குளத்துக்கு அயலில் அமைந்த வேளாண்மைக் கிராமம் ஸ்கந்தபுரம். 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரை விட்டு மக்கள் இடம்பெயர்ந்த காலத்தில், அக்கராயனும் ஸ்கந்தபுரமும் பல்லாயிரவருக்குப் புகலிடமாயின. நெல் வயலும் தோட்டமுமே அவ்வூரின் உயிர். வயலுக்குச் செல்லும் ஒழுங்கைகள் வெயிற் காலத்திற் புழுதியாகவும் மாரியிற் சேறாகவும் இருக்கும்.

அவ்வூரில் நமக்கு உறவான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். யப்பானிய சிறு கார் ஒன்று அவரிடம் உண்டு. வவுனியாவில் வாழ்க்கைப்பட்ட மகளைத் தலைப்பிள்ளைப் பேற்றுக்காக வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. அந்த வேளையிலேதான் காரின் சுக்கான் நடுங்கத் தொடங்கிற்று.

மாஸ்ரர் முதலில் ஒரு கராஜுக்குப் போனார். சில்லுகளின் நேர் பார்க்கும் 'அலைன்மன்ற்' வேலையைச் செய்து கொடுத்தார்கள்; நடுக்கம் தீரவில்லை. இன்னோர் இடத்தில் முன் ரயர் இரண்டையும் புதிதாக மாற்றச் சொன்னார்கள், மாற்றினார், நடுக்கம் அப்படியே இருந்தது. மூன்றாவதாகக் கேட்டபோது, சுக்கானின் பற்சட்டத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்ட மாஸ்ரர், அந்தப் போகத்து நெல்லின் இலாபம் கண்முன்னே கரைவதைக் கண்டார்.

நாம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்த நாளில், மோட்டார்த் தொழில் கற்ற அவருடைய மருமகனும் அங்கு வந்திருந்தார். அவர் யக்கையும் எடுக்கவில்லை, சாவியையும் எடுக்கவில்லை. திண்ணையில் இருந்தபடி கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

"மாமா, எப்ப நடுங்குது?"

"எப்பவும்தான் தம்பி."

"நிக்கேக்கையும் நடுங்குதோ?"

"இல்லை, ஓடேக்கைதான்."

"மெதுவா ஓடினாலும் நடுங்குமோ?"

மாஸ்ரர் சற்று யோசித்தார். "இல்லை. அறுபதுக்கு மேலே போனால்தான். எண்பதைத் தாண்டினால் கொஞ்சம் குறையிற மாதிரியும் இருக்கு."

"பிறேக் பிடிச்சாலோ?"

"அதுக்கு வித்தியாசம் ஒண்டும் இல்லை."

"எப்ப தொடங்கினது?"

"மழைக்குப் பிறகு... ஓம், வயற்பக்கம் போய்ச் சேற்றுக்குள்ள இறங்கி வந்த பிறகு."

மருமகன் சிரித்தார். "மாமா, நீங்கள் விடையைச் சொல்லிப்போட்டியள். முன்சில்லைக் கழற்றுவம், வாருங்கோ" என்றார்.

ஒரு பிடி மண்

சில்லைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்தோம். றிம்மின் உள்வளைவில் ஓரிடத்தில் மட்டும் வயற்சேறு அப்பி, வெயிலிற் காய்ந்து, ஓடுபோல் இறுகிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது தெரியாது. குச்சியாற் சுரண்டி எடுத்தபோது ஒரு பிடிக்குக் குறையாத மண் கையில் வந்தது.

ஒரு பிடி மண்ணா ஒரு காரை நடுக்குவது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். மாணவர்கள் பாடசாலையிற் கற்கும் கணக்கே இதற்கு விடை தரும். கயிற்றின் நுனியிற் கல்லைக் கட்டிச் சுழற்றினால் அது கையை வெளிப்புறம் இழுப்பதை யாவரும் அறிவோம். சுழலும் சில்லில் ஒரு பக்கம் பாரம் கூடினாலும் இதுவே நடக்கிறது. 30 செந்திமீற்றர் ஆரையுள்ள ஒரு சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் றிம்மில், நடுவிலிருந்து 18 செந்திமீற்றர் தூரத்தில் 30 கிராம் பாரம் மாத்திரம் ஒரு பக்கத்தில் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அப்பாரம் சில்லை வெளிப்புறம் இழுக்கும் விசை ஏறத்தாழ 600 கிராம் எடைக்குச் சமம். வேகம் 72 கிலோமீற்றர் ஆகும்போது அவ்விசை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமாகிறது. வேகம் இரு மடங்காக விசை நான்கு மடங்காகிறது. அவ்வேகத்திற் சில்லு ஒரு செக்கனுக்குப் பத்து முறைக்கு மேற் சுழல்கிறது. ஆகவே, ஒவ்வொரு செக்கனிலும் பத்து முறை யாரோ ஒருவர் சில்லை மேலும் கீழும், முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுவது போலாகிறது.

அப்படியாயின் எண்பதுக்கு மேல் நடுக்கம் குறைவானேன்? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது தன்னியல்பில் ஆடும் தாளம் ஒன்று உண்டு. அத்தாளத்துக்கு இசையத் தள்ளினால், சிறு பிள்ளை தள்ளினாலும் ஊஞ்சல் உயர எழும். தாளம் தப்பித் தள்ளினால் பெரியவர் தள்ளினாலும் எழாது. காரின் முன்சில்லு, வில்லு, சுக்கான் ஆகியவற்றுக்கும் இத்தகைய இயற்றாளம் உண்டு. சில்லின் சுழற்சி அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை அடைகிறது. அவ்வேகத்தைக் கடந்ததும் தணிகிறது. ஆதலின், குறித்த ஒரு வேகத்தில் மட்டும் தோன்றும் நடுக்கம் பெரும்பாலும் சில்லின் சமநிலைக் கேட்டையே காட்டும். முன்சில்லிற் கேடு இருந்தால் நடுக்கம் கையிலே தெரியும்; பின்சில்லில் இருந்தால் பெரும்பாலும் இருக்கையிலே தெரியும்.

கனடாவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் நாம் சுரண்டிய மண்ணைப் பார்த்துவிட்டு, "ரொறன்ரோவில் எங்களுக்கும் இதே கதைதான், அங்கே சேற்றுக்குப் பதிலாகப் பனி" என்றார். றிம்மின் உட்புறத்தில் உறைபனி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் அங்கும் சுக்கான் நடுங்குகிறது. பனி உருகி விழுந்ததும் நடுக்கம் போய்விடுகிறது. சேறோ தானாக உருகுவதில்லை. நாமே கழுவ வேண்டும்.

சில்லுகள் நான்கையும் உட்புறமாகக் கழுவி மாட்டியபின் நடுக்கத்திற் பெரும்பகுதி தீர்ந்தது. எஞ்சிய சிறு நடுக்கத்துக்குக் காரணம், புதிய ரயர்களைப் பூட்டியவர்கள் சமநிலை பாராமற் பூட்டியமையே. றிம்மின் விளிம்பிற் சிறு பாரத் துண்டுகளைப் பொருத்திச் சில்லைச் சமப்படுத்தும் 'வீல் பலன்ஸ்' வேலை அதற்குப் பின்னர் செய்யப்பட்டது. சில்லின் நேர் பார்க்கும் வேலையும், சில்லின் சமநிலை பார்க்கும் வேலையும் வேறு வேறு. நேர் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஓரமாகத் தேயும். அது தனியே நடுக்கத்தைத் தருவது அரிது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே மாஸ்ரரின் முதற் செலவு வீணானதற்குக் காரணம்.

வீதி திருந்தியது, குறை வெளிப்பட்டது

வன்னியில் இக்கேள்வி இன்று அடிக்கடி எழுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. கிரவல் வீதியிலும் குண்டு குழியிலும் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஊர்ந்த காலத்தில், நடுக்கம் அனைத்தையும் வீதியின் தலையிற் போட்டோம். சில்லிற் குறை இருந்தாலும் அது வெளிப்படும் வேகத்தை வண்டி எட்டவே இல்லை. 2009இல் போர் முடிந்தபின் கண்டி - யாழ்ப்பாணம் ஏ-9 வீதி திருத்தி அமைக்கப்பட்டு, மக்கள் வழக்கிற் சொல்வதானால், 'காபெற் வீதி' ஆயிற்று. இப்போது முறிகண்டிச் சந்தியில் ஏறியதும் வேகமானி எழுபதைத் தொடுகிறது. வீதி நடுங்கவில்லை, வண்டி நடுங்குகிறது. இனிக் குற்றத்தை வீதிமேல் ஏற்ற முடியாது.

எப்போது நடுங்குகிறது?

மாஸ்ரரின் காருக்கு ஒரு விடை கிடைத்தது. பிறருடைய வண்டிகளுக்கு வேறு விடைகள் இருக்கக்கூடும். எங்கே கோளாறு என்று தேடுமுன் எப்போது நடுங்குகிறது என்று கேட்பதே முறை. முக்கியமான வேளைகளை இங்கே தருகிறோம்.

முதலாவது, சில்லைக் கழற்றி மாட்டிய பின்னர் தொடங்கும் நடுக்கம். ரயர் ஒட்டுப்போட்டு வந்த அன்றோ மறுநாளோ சுக்கான் நடுங்கி, வரவரக் கூடிக்கொண்டு போனால், சில்லின் நட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும். இதற்கு மேல் ஓர் அடியும் ஓடலாகாது. வண்டியை ஓரங்கட்டி நட்டுகளை இறுக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவர இறுக்காமல் எதிரெதிராக இறுக்குவதே சரியான முறை. சில்லு மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது. தளர்ந்த நட்டோடு ஓடிய சில்லு கழன்று போவது கதையன்று.

இரண்டாவது, மிக மெதுவாக ஓடும்போதே தெரியும் ஆட்டம். வளையம் நடுங்காமல் இடமும் வலமுமாக மெல்ல ஆடினால் றிம் கோணியிருக்கலாம். அல்லது ரயருக்குள்ளே கம்பிப் படை பிரிந்து ஓரிடம் வீங்கியிருக்கலாம். சில்லை யக்கினால் உயர்த்தி, அதன் அருகே ஒரு செங்கல்லை வைத்து, கையாற் சுழற்றிப் பார்த்தால் கோணலும் வீக்கமும் கண்ணுக்குத் தெரியும். வீங்கிய ரயர் எந்த நேரமும் வெடிக்கக்கூடியது. அதற்கு மருந்து மாற்றுவது ஒன்றே. ரயரின் வயதை அறியவும் வழியுண்டு. 2000ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட ரயர்களின் பக்கச்சுவரில், சிறு கட்டத்துள் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதல் இரண்டும் கிழமையையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையிற் செய்த ரயர் என்று பொருள்.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஊரில் வாங்கிவிட்டுப் போகும் கார்கள், மாதக்கணக்கிற் கொட்டிலில் அசையாமல் நிற்பதுண்டு. நின்ற இடத்தில் ரயர் தட்டையாகிவிடும். சில கிலோமீற்றர் ஓடி ரயர் சூடேறியதும் அந்த நடுக்கம் பெரும்பாலும் தணியும்; நெடுங்காலம் நின்றிருந்தால் தணியாது. கிழமைக்கு ஒருமுறையாவது வண்டியை அசைக்கச் சொல்வது இதனாலேதான்.

மூன்றாவது, பிறேக் பிடிக்கும்போது மட்டும் எழும் நடுக்கம். இது பிறேக்குத் தட்டின் குறை. தட்டு வளைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது அதன் தடிப்பு இடத்துக்கு இடம் வேறுபட்டிருப்பதே. ஒரு மில்லிமீற்றரை ஐம்பது கூறாக்கி அதில் ஒரு கூறு அளவு வேறுபட்டாலும் கை அதை உணரும். அது தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. சில்லின் நட்டுகளை ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இறுக்குவதும் காலப்போக்கில் இதற்குக் காரணமாகும்.

நான்காவது, எஞ்சினை உந்தும்போது மட்டும் தோன்றி, பெடலை விட்டதும் மறையும் நடுக்கம். முன்சில்லுகளை எஞ்சின் இழுக்கும் வண்டிகளில், எஞ்சினிலிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டின் உள்மூட்டு தேய்ந்திருந்தால் இவ்வாறு நேரும்.

ஐந்தாவது, வண்டி நிற்கும்போதே வளையம் நடுங்குவது. இதிற் சில்லுக்குப் பங்கில்லை. எஞ்சின் சீராக எரியவில்லை, அல்லது எஞ்சினைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகள் பழுதாகிவிட்டன என்பதே பொருள்.

இந்த ஐந்தாவது நடுக்கத்தை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களிற் பொருளாதாரத் தடையால் வடக்கிற் பெற்றோல் கிடைக்காதபோது, பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம். சூடேறிய பின்னரும் அது பெற்றோலைப்போற் சீராக எரியாமற் தட்டி எரியும். வண்டி முழுதும் அதிரும். அந்த அதிர்விலும், இது எஞ்சினின் அதிர்வு, இது சில்லின் அதிர்வு என்று பிரித்தறிந்த சாரதிகள் நம்மிடையே இருந்தார்கள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அவ்வண்டிகளில் ஏற்றிச் சென்றவர்கள் அவர்கள். வழியில் நின்றுவிட்டால் வேறு வண்டி இல்லை. கைநாடி அவர்களுக்குப் பொழுதுபோக்காக வந்ததன்று.

அவர்கள் கையாண்ட எளிய சோதனை ஒன்று இன்றும் உதவும். வாகன நடமாட்டமில்லாத நேரான சமதள வீதியில், நடுக்கம் தோன்றும் வேகத்தில் ஓடும்போது, கியரைச் சற்றுநேரம் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். நடுக்கம் தொடர்ந்தால் குறை சில்லுகளின் பக்கம். நின்றுவிட்டால் எஞ்சினின் பக்கம். ஆனால் திறப்பை மட்டும் நிறுத்தலாகாது. இன்றைய கார்களில் திறப்பை வெளியே எடுத்தாற் சுக்கான் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றாற் பிறேக்கும் கடினமாகும்.

பள்ளத்தில் விழுந்ததும்

ஆறாவது நடுக்கமே யாவற்றினும் அஞ்சத்தக்கது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சிறு பள்ளத்தில் ஒரு சில்லு விழுந்ததும் வளையம் கையிற் பிடிக்க முடியாதபடி உதறும். வேகத்தை நன்றாகக் குறைத்த பின்னரே அடங்கும். சுக்கான் மூட்டுகளிலோ, சில்லின் பெயாரிங்கிலோ தேய்வு ஏற்பட்டு இடைவெளி விழுந்திருப்பதற்கு இது அறிகுறி.

மோட்டார் உலகம் முழுவதையும் ஒருகாலத்தில் ஆட்டிவைத்த நோய் இது. 1920களிற் காற்று நிறைந்த பருத்த மென்ரயர்கள் புழக்கத்துக்கு வந்தன. பயணம் மெத்தென்றாயிற்று, ஆனால் வேகம் கூடியதும் முன்சில்லுகள் தாமே உதறத் தொடங்கின. அக்காலக் கார்களில் முன்சில்லு இரண்டும் ஒரே அச்சிற் பூட்டப்பட்டிருந்தன. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தால் அது வேறு பக்கம் திரும்பும் என்பதை மாணவர்கள் அறிவர். ஒரு சில்லு மேட்டில் ஏறினால் அச்சுச் சாயும். அச்சுச் சாய்ந்தாற் சுழலும் சில்லுகள் பம்பரம்போல் இடமோ வலமோ திரும்பும். இவ்வாறு ஒன்றையொன்று தூண்டி உதறல் வளரும். பிரான்சியப் பொறியியலாளர் புறூலியே 1925இல் இதனை ஆராய்ந்து எழுதினார். றோல்ஸ் றொய்ஸிலிருந்து அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்துக்கு 1930இற் சென்ற மொறிஸ் ஒலி, இதற்குப் பரிகாரம் தேடியோரில் முதன்மையானவர். முன்சில்லுகளை ஒன்றுக்கொன்று கட்டுப்படாமற் தனித்தனியே வில்லிற் தாங்கும் முறை 1934இல் அந்நிறுவனத்தின் கார்களில் இடம்பெற்றது. இன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றில் முன்சில்லுகள் தனித்தனியே தாங்கப்படுகின்றன. எனினும் மூட்டுகள் தேய்ந்தாற் பழைய நோய் வேறு வடிவிற் திரும்பி வந்துவிடும்.

மறைந்திருந்தது ஒன்று

இந்த ஆறாவதை நாம் விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. மாஸ்ரரின் காரிற் சேற்றைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நாம் எழுந்துவிட்டோம். மருமகன் எழவில்லை. கழுவிய சில்லை மாட்டி, வண்டி யக்கில் நிற்கும்போதே, மணிக்கூட்டில் 12ம் 6ம் இருக்கும் இடங்களிற் சில்லைப் பிடித்து அசைத்தார். அசைவில்லை. ஆகவே, பெயாரிங்கும், சில்லைத் தாங்கும் மூட்டும் நலம். பின்பு 9ம் 3ம் இருக்கும் இடங்களிற் பிடித்து அசைத்தார். வலப்பக்கச் சில்லில் ஒன்றுமில்லை. இடப்பக்கச் சில்லில் 'டக்' என்று ஒரு சிறு ஒலி கேட்டது.

மீண்டும் அசைத்தார். மீண்டும் 'டக்'.

சுக்கானின் திருப்பலைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் கம்பியின் முனைமூட்டு, 'ரைறொட்' முனை என்பது, தேய்ந்து தளர்ந்திருந்தது. அதன் இறப்பர் உறை கிழிந்து, உள்ளே சேற்று நீர் புகுந்திருந்தது. அம்மூட்டுக் கழன்றால் அந்தச் சில்லுக்குச் சுக்கானோடு தொடர்பே இராது. சாரதி வலப்பக்கம் திருப்பினாலும் அது தன் போக்கிற் போகும்.

மாஸ்ரர் ஒன்றும் பேசவில்லை. காரின் பின்னிருக்கையை ஒருமுறை பார்த்தார். இன்னும் நான்கு நாளில் மகள் இருக்க வேண்டிய இடம் அது.

"தம்பி, நான் ரண்டு தரம் காசு குடுத்தனே. ஒருத்தரும் இதைப் பார்க்கேல்லையே" என்றார் பின்னர்.

"நீங்கள் நடுக்கத்தைச் சொன்னனீங்கள் மாமா; அவை நடுக்கத்துக்கு மருந்து தந்தவை. சில்லை ஒருக்கா அசைச்சுப் பார்த்திருந்தால் தெரிஞ்சிருக்கும்" என்றார் மருமகன்.

முனைமூட்டின் விலை, பற்சட்டத் தொகுதியின் விலையோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. மறுநாளே அது மாற்றப்பட்டது. மூட்டை மாற்றினாற் சில்லின் நேர் தவறும். ஆதலின் அலைன்மன்ற் வேலை இப்போதுதான் உண்மையிலே தேவைப்பட்டது. தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு முன்னர் பார்த்த நேர், ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரே.

கைநாடியை மறவாதீர்

நான்காம் நாள் மாஸ்ரருடன் நாமும் வவுனியாவுக்குப் புறப்பட்டோம். அக்கராயன் வீதியால் வந்து முறிகண்டியில் ஏ-9 வீதியை அடைந்ததும், அவ்வழிச் செல்லும் யாவரும் செய்வதுபோல வண்டியை நிறுத்தினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, மாஸ்ரர் காரைச் சுற்றிவந்து நான்கு சில்லுகளின் நட்டுகளையும் கண்ணாற் பார்த்து, சில்லின் நடுப்பகுதியருகே புறங்கையைக் கொண்டுசென்று சூடு பார்ப்பதைக் கண்டோம். ஒரு சில்லு மட்டும் மற்றையவற்றிலும் மிகச் சுட்டால் அங்கே பிறேக்குப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பெயாரிங்குப் பழுதாகியிருக்கலாம் என்று மருமகன் அவருக்குச் சொல்லியிருந்தார்.

பிள்ளையாரை வணங்கும் ஐந்து நிமிடத்தோடு சில்லைப் பார்க்கும் ஒரு நிமிடத்தையும் சேர்த்துக்கொள்வது ஏ-9 வீதியிற் பயணஞ் செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்ற வழக்கம் என்று நமக்குத் தோன்றிற்று. வண்டி ஓட்டாத மனைவியரும் பிள்ளைகளும்கூட இதைச் செய்யலாம். வளையம் நடுங்குவதைப் பக்கத்தில் இருப்பவரும் காண முடியும். எந்த வேகத்தில், எந்த வேளையில், எப்போது தொடங்கியது என்று ஒரு துண்டுக் கடதாசியிற் குறித்துக் கராஜிற் கொடுத்தால், நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நோயைச் சொல்லத் தெரிந்த நோயாளியே நல்ல மருத்துவத்தைப் பெறுகிறான்.

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று வழி கடந்தோம். வேகமானி எழுபதில் நின்றது. மாஸ்ரரின் விரல்கள் வளையத்தின்மேற் சும்மா படிந்திருந்தன. திரும்பி வரும்போது மகள் பின்னிருக்கையில் தாயின் தோளிற் சாய்ந்து உறங்கிவிட்டாள். முறிகண்டிக்கு வந்ததும் மாஸ்ரர் மறுபடியும் வண்டியை நிறுத்தி, கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டு, நான்கு சில்லுகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.